எழிற்கையும் பொருட்கையும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், ஆடுபவளின் கையை மூன்றாகப் பகுத்துக் காண்கிறார். அழகு தோன்ற நிற்பது எழிற்கை. ஒரு தொழிலைச் செய்து காட்டுவது தொழிற்கை. ஒரு பொருளை உணர்த்துவது பொருட்கை. ஒற்றைக்கை 33, இரட்டைக்கை 15 என்று அவர் தரும் கணக்கை மனப்பாடம் செய்ய வேண்டியவர்கள் ஆடல் பயிலும் மாணவியர் மட்டுமே. ஆனால் இந்த முப்பகுப்பை, ஆடல் காணச் செல்லும் நாம் அனைவரும் நெஞ்சில் இருத்திக்கொள்வது நல்லது. ஏனெனில் நம் பங்கு விழாக்களிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் பரதநாட்டியம் என்ற பெயரில் நாம் காண்பவற்றுள் பெரும்பாலானவை பொருட்கையும் தொழிற்கையும் மட்டுமே கொண்டவை. எழிற்கை அங்கே இல்லை. இருந்தாலும், சிறப்பு விருந்தினர் வரும்வரை அவருடைய நாற்காலியில் அமர்த்தி வைக்கப்பட்டவர் போல, இரண்டு சரணங்களுக்கு இடையே சற்று நேரம் தோன்றி மறைகிறது.

பாடல் தொடங்குகிறது. ‘ஆயன்’ என்ற சொல் வந்ததும் ஒரு கை கோலைப் பிடிக்கிறது. ‘ஆடு’ என்றதும் விரல்கள் கொம்பாகின்றன. ‘கண்ணீர்’ என்றதும் சுட்டுவிரல் கன்னத்தில் கோடு இழுக்கிறது. ‘இதயம்’ என்றதும் கை நெஞ்சுக்குப் போகிறது. பாட்டு முடியும்போது ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒவ்வொரு சைகை கிடைத்துவிட்டது. பெற்றோர் மகிழ்கின்றனர், பங்குப் பேரவையினர் பொன்னாடை போர்த்துகின்றனர். சொல்லைத்தான் காது ஏற்கெனவே கேட்டுவிட்டதே, அதையே கை மறுமுறையும் சொல்வதால் நமக்குக் கூடுதலாய்க் கிடைத்தது என்ன என்று கேட்பார் இல்லை. நமக்குக் கலையார்வம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆடலின் உறுப்புகள் எவை, அவை எவ்வாறு இயங்குகின்றன என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நூலோர் ஆடலை நிருத்தம், நிருத்தியம், நாட்டியம் என மூன்றாக வகுப்பர். தாளத்தோடும் வடிவத்தோடும் நின்று வேறெதையும் குறிக்காத தூய ஆடல் நிருத்தம். பாடற்பொருளும் உள்ளத்து உணர்வும் உடலில் வெளிப்படுவது நிருத்தியம். பாத்திரங்கள் ஏற்று ஒரு கதையை நடத்திக் காட்டுவது நாட்டியம். மூன்றாவதை நாம் எளிதில் புரிந்துகொள்கிறோம். கிறிஸ்து பிறப்பு நாடகமும் பாஸ்கு நாடகமும் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! இரண்டாவதைப் புரிந்துகொண்டதாக எண்ணிக்கொள்கிறோம். முதலாவது நமக்கு வெறும் குதிப்பாகத் தெரிகிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.

நிருத்தத்தின் அலகு அடவு. அது அரைமண்டியில் பிறக்கிறது. குதிகால்கள் அருகருகே நிற்க, பாதங்கள் இருபுறமும் விரிய, முழங்கால்கள் வெளிநோக்கி மடிய, முதுகு மட்டும் வளையாமல் நிமிர்ந்திருக்க வேண்டும். அந்நிலையில் நின்றபடி ‘தெய்யா தெய்’ என்ற சொற்கட்டுக்குத் தரையைத் தட்டுவது தட்டடவு. காலை நீட்டிக் குதிகாலை ஊன்றுவது நாட்டடவு. நட்டுவனார் தட்டுக்கழியால் தட்டுமனையில் தட்டிக் காலம் காட்ட, முதற்காலத்தில் மெல்லவும், இரண்டாம் காலத்தில் இருமடங்கு விரைவாகவும், மூன்றாம் காலத்தில் நான்மடங்கு விரைவாகவும் அதே அடவைச் செய்யவேண்டும். விரைவு கூடும்போதும் அரைமண்டி உயராதிருப்பதே பயிற்சியின் சோதனை. நம் மேடைகளில் மூன்றாம் காலம் வந்ததும் பிள்ளைகள் பெரும்பாலும் எழுந்து நின்றுவிடுகிறார்கள். சுற்றியிருப்போர் வேகத்தைக் கண்டு கைதட்டுகிறார்கள். முழங்காலை யாரும் பார்ப்பதில்லை.

அடவு எழுத்தைப் போன்றது என்று பாடநூல்கள் உவமை கூறும். எனக்கு அந்த உவமையில் நிறைவில்லை. எழுத்துகள் சேர்ந்தால் சொல்லாகும்; சொல் பொருள் தரும். அடவுகள் சேர்ந்தால் கோர்வையாகும். கோர்வை எப்பொருளையும் தருவதில்லை. அதைவிட நம் வீட்டு வாசலில் இடும் புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொள்ளலாம். புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்து வளைந்து சென்று, புறப்பட்ட இடத்திற்கே வந்து மூடிக்கொள்ளும்போது நமக்குள் ஏதோ ஒன்று நிறைவடைகிறது. இந்தக் கோலத்துக்கு என்ன அர்த்தம் என்று எந்த வீட்டிலும் எவரும் கேட்டதில்லை. தாளத்தின் சுற்றுகளுக்குள் புகுந்து, எண்ணிக்கையை உடைத்துப் பிரித்துக் கூட்டி, கடைசியில் சமத்தில் வந்து விழும் ஒரு தீர்மானத்தைக் காணும்போது கிடைப்பதும் அதே நிறைவுதான்.

பரதநாட்டிய நிகழ்ச்சியின் முதல் உருப்படியாகிய அலாரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாட்டு இல்லை, பண்ணும் இல்லை. சொற்கட்டும் மிருதங்கமும் மட்டுமே உண்டு. முதலில் கண்கள் அசைகின்றன. பிறகு கழுத்து. பிறகு தோள்களும் கைகளும். உடல் சிறிது சிறிதாகத் திறந்து, இறுதியில் கால்கள் முழுமையாக எழுகின்றன. மூன்று நான்கு நிமிடங்களில் ஓர் உடல் விழித்தெழுவதை நாம் காண்கிறோம். அலாரிப்பை நீக்கிவிட்டு அதன் இடத்தில் பாட்டோடு கூடிய ஒரு ‘வணக்க நடனம்’ வைத்துக்கொள்வோம் என்று கேட்கும் விழா அமைப்பாளர்களை நான் அறிவேன். பொருள் இல்லாத ஆடல் இறைவனைச் சென்று சேராது என்பது அவர்களது அச்சம்.

அந்த அச்சத்திற்குத் திருவிவிலியத்தில் இடமில்லை. சாமுவேல் இரண்டாம் நூலின் ஆறாம் அதிகாரத்தில், நார்ப்பட்டு ஏபோது அணிந்த தாவீது ஆண்டவரின் பேழைக்கு முன்பாகத் தம் முழு வலிமையோடும் ஆடினார் என்று வாசிக்கிறோம். அவர் எந்தக் கதையை அபிநயித்தார்? கோலியாத்தை வீழ்த்திய கதையையா? அப்படி ஒன்றும் அங்கே சொல்லப்படவில்லை. துள்ளினார், ஆடினார், அவ்வளவே. பலகணி வழியே பார்த்த மீக்கால் உள்ளத்தில் அவரை இகழ்ந்தாள். அர்த்தமில்லாத ஆட்டம் என்று முகம் சுளிப்போர் அவளுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறோம் என்பதை அறிவது நலம். புனித அகுஸ்தினார் திருப்பாடல்களுக்கு எழுதிய விளக்கவுரையில், அறுவடைக் களத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் பாடும் உழைப்பாளர்களைச் சுட்டுகிறார். முதலில் சொற்களோடுதான் அவர்கள் பாடத் தொடங்குகிறார்கள். மகிழ்ச்சி பெருகப் பெருகச் சொற்களை விட்டுவிட்டு வெறும் ஒலியாகவே பாடுகிறார்கள். சொல்லுக்கு அடங்காத இறைவனுக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு எது என்பது அவர் எழுப்பும் கேள்வி. ரொமானோ குவார்தினி 1918-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய சிறு நூலில், வழிபாட்டை ஒரு விளையாட்டாகக் காணும் அதிகாரம் ஒன்றுண்டு. பயன் கருதாதது, ஆயினும் பொருள் நிறைந்தது என்பது அங்கே அவர் நிறுவும் கருத்து. குருமடத்தில் அதை வாசித்தபோது அது எனக்கு வெறும் தத்துவமாகவே இருந்தது. நல்ல ஜதிஸ்வரம் ஒன்றைக் கண்டபோதுதான் அதன் சுவை தெரிந்தது. ஆலயத்திற்குள் ஆடலாமா என்ற வழக்கு வேறு. அது திருவழிபாட்டு ஒழுங்கைச் சார்ந்தது. இங்கே நாம் பேசுவது மேடையைப் பற்றி.

மேடை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதவி ஆடிய அரங்கு எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று இளங்கோவடிகள் அளந்து சொல்கிறார். தூண்களின் நிழல் அரங்கிலும் அவையிலும் விழாதபடி விளக்கு வைத்ததைக் கூடக் குறிப்பிடுகிறார். அவள் ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். நாம் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பிள்ளைகளைக் கூட்டுகிறோம். மேடையில் சிவப்புக் கம்பளம் விரிக்கிறோம். பாதம் எழுப்பும் ஓசை அதில் புதைந்துபோகிறது. பதிவு செய்த இசையை ஒலிபெருக்கியில் போடுகிறோம். ஆடுபவளுக்காகக் காத்திருக்கும் நட்டுவனாரும் இல்லை, அவளது மூச்சறிந்து வாசிக்கும் மிருதங்கக்காரரும் இல்லை. இவ்வளவையும் பறித்துவிட்டு, நிருத்தம் சுவையற்றது என்கிறோம்.

இனி அபிநயம். உடலால் செய்வது ஆங்கிகம், சொல்லாலும் பாட்டாலும் அமைவது வாசிகம், ஆடை அணிகளால் அமைவது ஆகாரியம், உள்ளத்திலிருந்து எழுந்து மெய்யில் தோன்றுவது சாத்துவிகம் என நான்கு. நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் ஒற்றைக்கை முத்திரைகள் 28-ஐ எண்ணுகிறது. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த ஆனந்த குமாரசுவாமி, துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவுடன் சேர்ந்து 1917-இல் அந்நூலை ஆங்கிலத்தில் தந்தபின்னர் உலகமே முத்திரைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியது. அதனால் ஒரு தீங்கும் நேர்ந்தது என்பது என் எண்ணம். முத்திரைகளின் அகராதியைத் தெரிந்துகொண்டால் ஆடலைப் புரிந்துகொண்டதாகிவிடும் என்ற மயக்கம் அதன்பின் வேரூன்றிவிட்டது. அகராதியை மனப்பாடம் செய்தவர் கவிஞராவதில்லை.

சத்யஜித் ராய் 1976-இல் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த ‘பாலா’ என்னும் ஆவணப்படத்தில், கண்ணனை வா என்றழைக்கும் ஒரு கன்னடப் பாடலுக்கு அவர் கடற்கரையில் ஆடுகிறார். அப்போது அவருக்கு வயது 58. கடற்காற்று புடவையை அலைக்கழிக்கிறது. ஆடலுக்கு ஏற்ற களமன்று என்று குறை கூறியவர்கள் உண்டு, அக்குறை நியாயமானதே. ஆயினும் அந்தச் சில நிமிடங்கள் அபிநயம் இன்னதென்று கற்பிக்கும் பாடநூல். அழைக்கும் சொல் ஒன்றுதான். அந்தச் சொல்லுக்குரிய கையும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அழைப்பது வேறொரு மனம். ஒருமுறை கொஞ்சல், ஒருமுறை பொய்க்கோபம், ஒருமுறை கெஞ்சல். குழந்தை எங்கே நிற்கிறது, எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதைக்கூட அவருடைய கண்ணைக் கொண்டே நாம் அறிகிறோம். பாட்டில் இல்லாதவற்றை ஆடல் சொல்கிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள வெளியில் புகுந்து உலவும் இவ்வகை விரிவைச் சஞ்சாரி என்பர். நம் மேடைகளில் நாம் இழந்திருப்பது இதனை. ஒரு வரியைப் பத்து முறை பாட விட்டு, பத்து முறையும் வேறு வேறு வாழ்வைக் காட்டும் பொறுமை நமக்கில்லை. நான்கு நிமிடத்தில் ஊதாரி மைந்தன் வீடு திரும்பிக் கொழுத்த கன்றையும் உண்டு முடித்துவிட வேண்டும்!

பாணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று நாம் காணும் உருப்படிகளின் வரிசை, அதாவது அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற முறை, தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்தியது. அவர்கள் வழிவந்த நட்டுவனார் குடும்பங்கள் வாழ்ந்த ஊர்களே பாணிகளின் பெயர்களாயின. மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) வளர்த்த பந்தநல்லூர்ப் பாணியில் ஆழ்ந்த அரைமண்டியும் நேர்கோடுகளும் மிகுதி. கோர்வை சிக்கனமானது, ஆனால் கனமானது. இராமையா பிள்ளை (1910–1991) வளர்த்த வழுவூர்ப் பாணி வளைவும் நளினமும் உடையது. அவரிடம் பயின்ற கமலா 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ போன்ற திரைப்படங்களில் ஆடியதால், சபாக்களின் படி ஏறாத வீடுகளிலும் பரதம் நுழைந்தது. கந்தப்பப் பிள்ளையிடம் பயின்ற பாலசரஸ்வதியின் வழியில் அபிநயம் உச்சத்தைத் தொட்டது. வீணை தனம்மாளின் பேத்தியாதலால் அவரது ஆடல் சங்கீதத்திலிருந்தே சுரந்தது. இம்மூன்றும் குடும்பங்களில் பிறந்தவை. நான்காவது ஒரு நிறுவனத்தில் பிறந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்ராவின் பாணி அது. தூய்மை, கட்டுக்கோப்பு, அடவுகளின் துல்லியம் ஆகியவற்றில் அதற்கு நிகரில்லை. அங்கே பயின்றவர்களின் உணர்ச்சியும் சில வேளைகளில் கோடு போட்டது போலவே இருக்கும் என்று எனக்குத் தோன்றும். மாறுபடுவோர் மாறுபடட்டும்.

குடும்பங்களிலிருந்து நிறுவனத்திற்கு வந்த அந்தப் பயணத்தில் ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது. இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் கோவில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்கள். அந்த வழக்கம் பெண்ணின் மாண்புக்கு எதிரானது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அதற்கெதிராக நடத்திய போராட்டமும், 1947-இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டமும் நியாயத்தின் பக்கம் நின்றவை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே, வழக்கத்தைக் கண்டித்தவர்கள் கலையையும் சேர்த்தே கண்டித்தார்கள். அக்கண்டனத்தில் கிறிஸ்தவ மறைப்பணியாளர்களின் குரலும் கலந்திருந்தது. 1931-இல் சென்னை மியூசிக் அகாடமி மேடையில் கல்யாணியின் புதல்வியர் ஆடினர். 1935-இல் ருக்மிணி தேவி மேடையேறினார். கலை காப்பாற்றப்பட்டது. அதைக் காத்து வந்த பெண்களில் பலர் மேடையை விட்டு மறைந்தனர். நம் வீட்டுப் பெண்கள் இன்று தயக்கமின்றிச் சலங்கை கட்டுவதற்கு அவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

அவ்வாறு கைமாறியபோது எழுந்த வழக்கு சிருங்காரத்தைப் பற்றியது. பதங்களிலும் ஜாவளிகளிலும் உள்ள காதற்சுவையில் ஒரு பகுதி மேடைக்குத் தகாதது என்று கருதிய ருக்மிணி தேவி அவற்றை விலக்கி, பக்தியை முன்னிறுத்தினார். பாலசரஸ்வதி இதை ஏற்கவில்லை. 1975-இல் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், உருப்படிகளின் வரிசையை அவர் ஒரு கோவிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், பதங்கள் கருவறையின் அமைதிக்குள் நுழையும் நேரம், தில்லானா இறுதியில் காட்டும் கற்பூர ஆரத்தி. அந்தக் கருவறைக்குள் இருப்பது சிருங்காரமே என்பது அவரது உறுதி. பக்தி என்று தனியே ஒன்றைக் கொண்டுவந்து அதைத் தூய்மைப்படுத்தத் தேவையில்லை என்றார்.

இந்த வழக்கில் நான் பாலசரஸ்வதியின் பக்கம். கத்தோலிக்க மரபு எனக்கு வேறு வழி விடவில்லை. நம் திருவிவிலியத்தின் நடுவே இனிமைமிகு பாடல் இருக்கிறது; முதலிலிருந்து இறுதிவரை காதல் பாட்டு. புனித பெர்நார்து அதன்மீது 86 மறையுரைகள் எழுதியும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டவில்லை. புனித சிலுவை யோவான் இறையனுபவத்தைச் சொல்ல, இரவில் காதலனைத் தேடிச் செல்லும் பெண்ணின் குரலையே எடுத்துக்கொண்டார். தலைவியாய் நின்று இறைவனை ஏங்குவது நமக்கு அயலானதன்று. ஆயினும் நம் ஆடல் மேடையில் தலைவி இல்லை. ஆயன் இருக்கிறார், ஆடுகள் இருக்கின்றன, வானதூதர்கள் இருக்கிறார்கள். ஏங்குகிறவள் எங்கே?

தமிழில் இதற்கு முன்னோடியே இல்லாமலில்லை. தஞ்சை நால்வரை ஆதரித்த அரசவை சரபோஜி மன்னருடையது. அதே மன்னரோடு சுவார்ட்சு ஐயரிடம் கல்வி கற்றவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). லுத்தரன் சபையைச் சேர்ந்த அக்கவிஞர் 1800-ஆம் ஆண்டையொட்டி இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் தலைவி தேவமோகினி. அவள் காதல் கொள்வது கிறிஸ்துவின்மீது. குறவஞ்சி என்பது ஆடலுக்கென அமைந்த இலக்கியம். தலைவியின் மயக்கத்தையும் குறத்தியின் வரவையும் அவர் விலக்கவில்லை. அவற்றின் வழியாகவே நற்செய்தியைச் சொன்னார். கத்தோலிக்கருக்கும் ஆடல் மரபு உண்டு. கேரளக் கடற்கரையின் இலத்தீன் கத்தோலிக்கர் ஆடும் சவிட்டுநாடகம், பலகை மேடை அதிரக் காலால் மிதித்து ஆடுவது; தமிழ் கலந்த மொழியில் அமைந்தது; அதன் ஆசிரியராகச் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழரின் பெயரை மரபு சொல்கிறது. அங்கே கால் பேசுகிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

நம் காலத்தில் நடந்த முயற்சிகளும் உண்டு. திருச்சியில் 1977-இல் தொடங்கிய கலைக்காவிரி, இலக்கண முறைப்படியான ஆடல் கல்விக்குத் திருச்சபையின் குடைக்கீழ் இடம் தந்தது. பிரான்சிஸ் பார்போசா தந்தைக் கடவுளுக்கும் கிறிஸ்துவுக்கும் தூய ஆவியாருக்கும் அன்னை மரியாவுக்கும் உரிய புதிய கைகளை அமைத்து, 1990-இல் வெளிவந்த தம் நூலில் அவற்றை விளக்கினார். தெய்வங்களுக்குத் தனித்தனிக் கைகளை வகுத்த மரபுக்குள் நின்றே செய்த வேலை அது, பாராட்டுக்குரியது. ஆனால் ஒரு தெய்வக்கை என்பது ஒரு பெயர் மட்டுமே. பெயரைச் சொன்னதும் ஆடல் முடிந்துவிடுவதில்லை. புதிய முத்திரையைக் கற்றுக்கொள்வது ஒரு மாலைப்பொழுதின் வேலை. எளிதாய்க் கற்கக்கூடிய பகுதி அதுவாக இருப்பதாலேயே நாம் அதோடு நின்றுவிடுகிறோம் போலும்.

யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தை ஒரு பதமாக அமைத்தால் எப்படியிருக்கும் என்று நான் நெடுநாளாக எண்ணி வருகிறேன். இன்னும் இருள் நீங்காத விடியல். தலைவனை இழந்த ஒருத்தி. அவன் உடலையேனும் காணவேண்டும் என்ற ஏக்கம். நாயிகைகள் எண்மருள், தலைவனின் வரவு காணாது வாடும் விரகோத்கண்டிதையின் நிலையை எந்த ஆடலாசிரியரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார். பதத்தின் இலக்கணப்படி தலைவன் மேடைக்கு வருவதே இல்லை. ஒருத்தியே ஆடுகிறாள், அவள் முகத்தில்தான் அவனை நாம் காணவேண்டும். ஆகவே ஒட்டுத்தாடியும் வெள்ளை அங்கியும் அணிந்த ஓர் இளைஞரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி வைக்கும் தொல்லை நமக்கு இல்லை. புகைப்பெட்டியும் தேவையில்லை.

நற்செய்தியாளரே ஆடலுக்கான குறிப்புகளை எழுதி வைத்திருக்கிறார். மகதலா மரியா அழுதுகொண்டே குனிந்து கல்லறைக்குள் பார்க்கிறார். தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாக வானதூதர் இருவரைக் காண்கிறார். அப்புறம் திரும்புகிறார். இயேசு நிற்பதைப் பார்க்கிறார், ஆனால் அறியவில்லை. தோட்டக்காரர் என்று எண்ணி, நீர் அவரை எடுத்துச் சென்றிருந்தால் எங்கே வைத்தீர் என்று கேட்கிறார். இந்த ஒரு கேள்வியில் எத்தனை சஞ்சாரிகள்! அந்நியரிடம் பேசும் நாணம்; அவரே திருடியிருப்பாரோ என்ற ஐயம்; ஒருத்தியாய் நின்று ஓர் உடலைச் சுமந்து செல்லத் துணியும் பேதைமை; அந்த உடலுக்குப் பூச வந்த நறுமணப் பொருள்கள்; அவர் காலடியில் அமர்ந்த பழைய நாட்கள். இவற்றுள் சில யோவானில் இல்லை. பிற நற்செய்திகளிலிருந்தும் கற்பனையிலிருந்தும் வரட்டும், சஞ்சாரிக்கு அந்த உரிமை உண்டு. பிறகு பாடகர் அவள் பெயரை ஒருமுறை பாடுகிறார். மரியா திரும்பினார் என்று யோவான் மீண்டும் எழுதுகிறார்.

விவிலிய விரிவுரையாளர்களுக்கு இது ஒரு சிக்கல். அவர்தாம் முன்னரே இயேசுவை நோக்கித் திரும்பிவிட்டாரே, மறுபடியும் எப்படித் திரும்புவார்? இடையில் கல்லறைப் பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கலாம் என்பார் உண்டு. இரண்டாவது திரும்புதல் உள்ளத்தில் நிகழ்வது என்பார் உண்டு. நல்ல ஆடல்மகளுக்கு இது சிக்கலே அன்று. முதல் திரும்புதல் ஆங்கிகம். கழுத்தும் தோளும் இடையும் செய்வது. இரண்டாவது சாத்துவிகம். உடல் அசைய வேண்டியதில்லை. கண்ணில் ஒன்று மாறவேண்டும். அந்த மாற்றத்திற்குக் கையில் முத்திரை கிடையாது, அகராதியும் கிடையாது. அந்த ஒரு கணத்திற்காகத்தான் ஏழாண்டுப் பயிற்சி.

பதத்திற்குப் பின் தில்லானா. சீடர்களிடம் போகுமாறு அனுப்பப்பட்டவள் ஓடத் தொடங்கும் இடத்தில் அது தொடங்கட்டும். அதற்குப் புதிதாகப் பாட்டு எழுதவேண்டாம். ‘உயிர்த்தார்’ என்ற சொல்லைக்கூட அதில் நுழைக்கவேண்டாம். தீம், தன, திரன என்ற பொருளற்ற அசைகளே போதும்; அகுஸ்தினார் கண்ட அறுவடைக்காரர்களுக்கு அவ்வளவும் வேண்டியிருக்கவில்லை. கால்கள் மூன்றாம் காலத்தில் தட்டும்போதும் அரைமண்டி உயராதிருக்கட்டும். தயவுசெய்து அன்றைக்காவது அந்தச் சிவப்புக் கம்பளத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடுங்கள்.